பத்து வரை

வள்ளியூர் ஆஸ்பத்திரியில் அந்த அக்கா பேர் பிளாரன்ஸ்.
முழங்கால் இரண்டையும் மடக்கிப் படுக்கச் சொல்லி
என் இடுப்புக்கும் மேசைக்கும் நடுவே
கையை நுழைத்துப் பார்த்தாள்.
“இந்தச் சந்துல ஒரு எலி ஓடும், செல்வக்கனி.
விடாத. அழுத்தி நசுக்கு.”

சிரித்தேன். தையல் இழுத்தது.

பணகுடியில் இது ஆனிக் காற்று.
கொடியில் போட்ட மூத்திரத் துணிகளை
ஒவ்வொன்றாக உருவி
உடைமர முள்ளுக்குக் கொடுத்துவிடும்.
குனிந்து எடுக்கும்போதுதான்
முதுகெலும்பு முடிகிற இடத்தில்
யாரோ திருப்புளி வைத்து ஒரு சுற்று.

“முதுகுல ஊசி போட்டாவல்லா, அதான்”
என்கிறது தெரு.
“உளுந்தங்களி தின்னியாட்டி?”
என்கிறது அதே தெரு.
தின்றேன்.
கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் குழி நிறைய விட்டு,
நாற்பது நாள்.
வலிக்கும் அந்த ருசி பிடித்துவிட்டதோ என்னவோ,
போகவில்லை.

பிளாரன்ஸ் சொன்னது வேறு:
“ஒம்பது மாசம் முன்னால சரிஞ்ச பாரத்தை
பின்னால நின்னு கயிறு பிடிச்சு இழுத்தது இந்தத் தசைதான்.
பாரம் இறங்கிட்டு.
இது இன்னும் கயிற விடல.”

சேர்மத்துரைக்குக் காற்றாடியில் வேலை.
எண்பது மீட்டர் ஏணி.
இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் இரண்டு கொக்கி,
ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றக் கூடாது.
எனக்கும் ஒரு பெல்ட் உண்டு இப்போது.
ரோஸ் நிறம். ஒட்டுப் பட்டை.
பிரிக்கிற சத்தத்தில்
தூங்குகிற பிள்ளை விழித்துவிடும்.

மத்தியானம், அவள் உறங்கின பின்,
கல்யாணத்துக்கு யாரோ தந்த பிளாஸ்டிக் பாய்.
மூச்சை விட்டுக்கொண்டே தொப்புளை உள்ளே இழுத்து
இடுப்பைத் தரையோடு ஒட்டுகிறேன்.
ஒன்று.
எலி வாசலில் நிற்கிறது.
இரண்டு. மூன்று.
தலைமாட்டில் காற்று சன்னலை ஆட்டுகிறது.
நான்கு, ஐந்து.
ஆறில் அழுவாள்.

முந்தாநாள் பசி.
நேற்று கதவு அறைந்தது.
இன்று ஒன்றுமே இல்லை, ஆறு வந்ததுதான்.

எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும்.
யாருக்கு ஞாபகம் இருக்கிறது?
சடக்கென்று எழுகிறேன்.
திருப்புளி இன்னொரு சுற்று.

வியாழக்கிழமை அவர் பாதியில் வந்துவிட்டார்.
காற்று கூடிப் போச்சாம், யாரையும் ஏற விடவில்லையாம்.
பாயில் கிடக்கிறவளைப் பார்த்து
“எனக்குந்தான் இடுப்பு வலிக்கி” என்றார்.
“படுங்க.”
“நான் என்ன பிள்ளையா பெத்தேன்?”
“படுங்கன்னா.”
கையை நுழைத்துப் பார்த்தேன்.
“உங்க சந்துல பெருச்சாளியே ஓடும்.”

பாய் இரண்டு பேருக்குப் பத்தாது.
என் தோள் தரையில், அவர் கால் தரையில்.
நாலு முழங்காலும் மேலே பார்த்துக்கொண்டு.
ஒன்று, இரண்டு,
மூச்சைப் பிடிக்காதீங்க,
மூன்று, நான்கு, ஐந்து,
ஆறு.

அழுதாள்.
கை என்னை அறியாமல் தரையை ஊன்றியது.
அதற்குள் அவர் எழுந்துவிட்டார்,
தப்பாக, சடக்கென்று,
“அம்மா” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே
தொட்டிலுக்குப் போனார்.
“ஒருக்களிச்சுல்லா எந்திரிக்கணும்” என்றேன்.

நான் எழவில்லை.
இடுப்பு தரையிலேயே இருந்தது.

ஏழு.

ஏழுக்கு அடுத்து என்ன என்று
ஒரு நொடி தெரியாமல் போனது.