பெட்டி ஒன்று, உள்ளே வேறு

கொம்தார் மூன்றாம் மாடியில்
ஏழு கடை ஏறி இறங்கிவிட்டேன்.
பையில் ஒரு பென்டிரைவ்.
அதற்குள் ஒரு முழு லினக்ஸ்.
"பாஸ், இதைச் செருகி ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டுமா?
ஐந்து நிமிஷம். எதையும் அழிக்காது"
என்று கேட்டால்
நகைக்கடைக்குள் சுத்தியலோடு நுழைந்தவளைப்போல்
பார்க்கிறார்கள்.
எட்டாவது கடைக்காரர் நல்லவர்:
"விண்டோஸ் போட்டுத் தர்றேன், முப்பது வெள்ளி.
எல்லாம் ஓடும் லா."

எல்லாம் ஓடுகிறது ஐயா.
வைஃபை மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது.

அக்காள் மகன் குப்பைக்குக் கொடுக்க இருந்த லேப்டாப்.
திரை வந்தது. ஒலி வந்தது.
மூடினால் தூங்கி, திறந்தால் விழித்தது
(இதற்கே மூன்று இரவு).
தமிழ் எழுத்து கொம்பும் காலும் பிசகாமல் வந்தது.
வைஃபை இருக்கவேண்டிய மூலையில்
சாம்பல் நிறத்தில் ஒரு கேள்விக்குறி.

கூத்து என்னவென்றால்
எனக்குச் சோறு போடுவதே வைஃபை சிப்தான்.
பாயான் லெப்பாஸில் பதினோரு வருட இரவு ஷிப்ட்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை அங்கி.
சோதனைப் பொறியில் வைப்பேன், எடுப்பேன்.
பச்சை விழுந்தால் உலகத்துக்கு,
சிவப்பு விழுந்தால் தொட்டிக்கு.
லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
கறுத்த முதுகின் கடைசி வரியில்
எங்கள் ஆலைக் குறியெழுத்து.
பொறியிடம் அத்தனையும் ஒப்பித்த பயல்
என்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்கிறான்.
அவன் பாஷை எங்கோ பூட்டிய கோப்பில் இருக்கிறதாம்.
சூப்பர்வைசர் ரொஸ்னானியிடம் கேட்டேன்.
"வேலைக்குச் சேரும்போது
ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாயே,
படித்தாயா?" என்றாள்.
இருவருமே படிக்கவில்லை. சிரித்தோம்.

ஞாயிறு காலை, லோரோங் கூலிட் சந்தை.
முள்ளில்லாத கடிகாரங்கள், ஒற்றைச் செருப்பு,
யாரோ கல்யாணத்துக்கு வந்த ஃபிளாஸ்க்,
இவற்றுக்கு நடுவே
செய்யது காசிமின் பிஸ்கட் டின்.
டின் நிறைய
நகக்கண் அளவு வைஃபை துண்டுகள்.
"எது எதுன்னு எனக்குத் தெரியாது.
செருகிப் பாரு. வேலை செஞ்சா பத்து வெள்ளி.
செய்யலேன்னா டின்னுல போடு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்
எட்டு கடை ஏறினேன்.

தார்ப்பாயில் சம்மணமிட்டேன்.
பேட்டரி பதினான்கு சதவீதம்.
ஒன்று: மௌனம்.
இரண்டு: சூடு மட்டும்.
நான்காவது தன் பெயர் சொன்னது, வேலை தெரியாது என்றது.
மேலே மழை தூறத் தொடங்கியது.
ஆறாவதைச் செருகியதும்
முனையத்தில் இரண்டு வரி ஓடி நின்றது.
ஒரு நீலப் பொட்டு சிமிட்டியது.
கேள்விக்குறி இருந்த இடத்தில்
பக்கத்து நாசி கண்டார் கடை,
மாடிவீட்டு வோங் குடும்பம்,
பெயர் மறைத்த இன்னொருவர்
என்று ஊரே வரிசைகட்டி வந்தது.
"கெடச்சுதா?" என்றார் காசிம், மழையைப் பார்த்தபடி.
யார் எழுதிய டிரைவரோ இது.
எந்த ஊரோ. சம்பளம் உண்டோ இல்லையோ.
ஒன்று தெரியும்: பூட்டவில்லை.

கூட வேலை செய்யும் பவளத்துக்கும் வேண்டுமாம்.
அதே சாப்பா, அதே எண், அதே பெட்டி,
கொம்தாரில் புதிதாகவே வாங்கிப்போனேன்.
அசையவில்லை.
பெட்டியின் அடியில், எறும்பெழுத்தில்: பதிப்பு இரண்டு.
உள்ளே சிப்பை மாற்றிவிட்டார்கள்;
அட்டைக்கு மட்டும் பழைய முகம்.

அடுத்த ஞாயிறு
செய்யது காசிமின் டின் மூடியில்
தடித்த மார்க்கரில் எழுதிக்கொடுத்தேன்,
மூன்று மொழியில்:
முதல் பதிப்பு லினக்ஸில் ஓடும்.
இரண்டாம் பதிப்பு ஓடாது. நான் பார்த்தாயிற்று.
அவர் உடனே
பதினைந்து வெள்ளி ஆக்கிவிட்டார்.

பிரிண்டர் இன்னும் பேசவில்லை.