நான்கு மணி மஞ்சள்

பல் வெள்ளை என்று சொன்னவர்
பல்லை உற்றுப் பார்த்ததே இல்லை.
ஈறோரம் ஒரு சொட்டுத் தேன்,
நடுவில் பழைய பியானோவின் கட்டை,
நுனியில் மழைநாள் ஜன்னல்போல்
இருக்கிறதா இல்லையா என்று ஒரு நீலம்.
பதினொரு வருடமாக
கிளைப்பேடா துறைமுகத்துக்குப் பின்னால்,
லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில்,
பீங்கானில் இந்தப் பொய்யைத்தான்
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் ஒரு பல் திரும்பி வந்தது.
பஞ்சு வைத்த சின்ன டப்பா,
மருத்துவர் யுர்கிதாவின் கிறுக்கல்:
"இது யாரோ தேநீர்ப் பிரியருடைய பல்.
ரமூனேயுடையது அல்ல."

ரமூனே படகில் டிக்கெட் பார்ப்பவள்.
ஏறுபலகைப் பனியில் வழுக்கி
முன்பல்லில் பாதியைக்
காயலுக்குக் கொடுத்தவள்.
அவள் பெயர் எங்கள் மொழியில்
ஒரு சிறு பூ:
வெள்ளை இதழ், மஞ்சள் நடு.
நான் நடுவைச் செய்து அனுப்பியிருக்கிறேன்.

உலையைச் சந்தேகித்தேன்.
பொடியை, தூரிகையை,
பாவம், புதிதாகச் சேர்ந்த விலியுஸை.
(அவன் தொட்டதெல்லாம் துடைப்பத்தைத்தான்.)
கைபேசியைச் சந்தேகிக்க
மூன்று நாள் ஆயிற்று.

கோடையில் செய்த ஏற்பாடு அது.
ஒற்றைத் தலைவலிக்காக:
பொழுது சாய்ந்தால்
திரை தானாக வெதுவெதுப்பாகட்டும்.
ஜூனில் இங்கே பத்து மணிக்கும்
பொழுது சாய மனம் வைக்காது.
யாருக்கும் தீங்கில்லை.
டிசம்பரிலோ
சாப்பிட்ட பாத்திரம் காய்வதற்குள் நான்கு மணி,
கிடங்குக் கூரைகளுக்குப் பின்னால்
சூரியன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும்.
நான் போக முடியாது.
மேசையில் ரமூனேயின் படம்.
அது என்னிடம் சொல்லாமல்
வெந்நீரில் தேயிலை இறங்குவதுபோல்
நிறம் இறங்க,
கண்ணும் கூடவே இறங்கியிருக்கிறது.
கண்ணின் நல்ல குணம் அது, கெட்ட குணமும் அதுவே:
பத்து நிமிடம் பழகிவிட்டால்
எதையும் வெள்ளை என்று ஒப்புக்கொள்ளும்.

அமைப்புகளைத் திறந்தேன்.
ஒரு கோடு, கோட்டில் ஒரு பொட்டு.
நீலப் பக்கம் குளிர்ச்சி, செம்பழுப்புப் பக்கம் வெம்மை என்று
எழுதியிருந்தது.
என் உலை படித்தால் சிரிக்கும்.
அங்கே சிவப்பு என்றால் சூடு இன்னும் ஏறவில்லை.

பொட்டை நகர்த்தினேன்.
யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல்
திரையில் பனி.
வலப் புருவத்துக்குப் பின்னால்
அந்தப் பழைய ஊசி.
படத்தில் அவள் உதட்டோரம்
யுர்கிதா பிடித்திருந்த மாதிரித் துண்டு,
என் கையில் அதே எண்ணுள்ள துண்டு.
இரண்டும் ஒன்றாகும்வரை நகர்த்தி,
சற்றுத் தாண்டி,
திரும்பி வந்து,
நின்றேன்.
சரியான நிறம்
வசதியான இடத்தில் இல்லை.

மறுநாள் காலை பதினொரு மணி,
இருக்கிற வெளிச்சத்தில்
மறுபடி அடுக்கினேன் தேனை, பியானோவை, மழையை.
இரண்டு மாத்திரை விழுங்கினேன்.
டப்பா போயிற்று. திரும்பி வரவில்லை.

ஜனவரி, நள்ளிரவுக்குச் சற்று முன்.
கட்டிலில், மறுபடி வெம்மைக்கு விட்ட திரையில்
ஒரு படம் வந்து விழுந்தது.
படகின் கம்பியைப் பிடித்தபடி ரமூனே,
குல்லாயில் பனி,
முழு வாயும் திறந்த சிரிப்பு.
பனி மஞ்சள். காயல் மஞ்சள்.
பற்கள் அத்தனையும்
அசல் தேநீர்ப் பிரியரின் பற்கள்.

கை பொட்டுக்குப் போனது. நிறுத்திக்கொண்டேன்.
படத்தைப் பெரிதாக்கி
என்னுடையது எது என்று தேடினேன்.

எல்லாம் ஒரே அளவில் தப்பாக இருந்தன.

தூங்கிப்போனேன்.