பந்தியில் உள்ளபடி

கேள்வியை முதலில் படி, பந்தியைப் பிறகு.
எண்களை மட்டும் வட்டமிடு.
ஒன்று இழுத்தடித்தால் விட்டுவிட்டுப் போ.
விடை உன் தலையில் இல்லை, தாளில் இருக்கிறது.
மஸ்கெலியா பஸ் டிக்கட்டின் பின்பக்கம்
பொடி எழுத்தில் எழுதி, வரும் வழியெல்லாம் படித்து,
ஹட்டன் மண்டப வாசலில் கசக்கிப் போட்டேன்.

பந்தி தேயிலையைப் பற்றி.
பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு
முழுநாள் சம்பளமாம்.

எங்கள் மலையில் இருபது.
போன வியாழன் அம்மா எடுத்தது இருபத்தொன்று.
ஈரத்துக்கென்று இரண்டைக் கழித்து
அரைப் பேர் போட்டார்கள்.

நான்காம் கேள்வி: முழுநாளுக்கு எத்தனை கிலோ?
இரண்டு எண்களும் விடைகளில் இருந்தன.

பதினெட்டுக்கு நேரே புள்ளடி போட்டேன்.
அதற்குள் மூன்று நிமிஷம் போய்விட்டது.

ஐந்து: எழுதியவரின் தொனி யாது?
விட்டுவிட்டு ஆறுக்குப் போனேன்.
அது சுலபம்,
எத்தனை நாடுகளுக்கு ஏற்றுமதி.