அரை மில்லி

சின்னக் குவளையொன்று தந்து
ஐந்து நிமிடம் இதில் துப்புங்கள் என்றாள்
டொக்டர் ஹிமாஷி, சிங்களத்தில்.
கதைக்க வேண்டாம். விழுங்க வேண்டாம்.
ஊறுவதை அப்படியே வழியவிடுங்கள்.
குனிந்திருந்தேன்
மழையில்லாத நாளின் பீலிபோல.

இருபத்திரண்டு வருடம் புதுக்கடைக் கோட்டில்
அடுத்தவர் சொல்லைக் காதில் வாங்கி
மற்ற மொழியில் கொடுத்த வாய் இது.
ஒன்றும் சொல்லாமல் திறந்திருந்தது
அன்றைக்குத்தான்.

குவளையின் அடியில்
அரை மில்லிக்கும் குறைவு.
அதிலும் பாதி நுரை.
பிரஷர் குளிசை, நித்திரைக் குளிசை,
இரண்டும் சேர்ந்து ஊற்றை அடைத்திருக்கலாம் என்றாள்.
பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள்.
முரசை ஒட்டிய இடத்தில்
பல்லுக்குப் பல்லு ஒரு பிறை.

நான் இனிப்புக்காரி இல்லை, டொக்டர்.
ஆனால் ஃபிளாஸ்கில் பிளேன்டீ,
வழக்குக்கு ஒரு மிடறு.
சீனி?
போடுவேன்.

அவள் சொன்னது இவ்வளவு:
சீனியைத் தின்ற கிருமி புளிப்பைக் கக்கும்,
புளிப்பு பல்லின் சுண்ணாம்பை இளக்கும்.
துப்பல் வந்து புளிப்பைத் தணித்து
இளகிப்போன சுண்ணாம்பை
மெல்ல மெல்லப் பல்லிலேயே திரும்ப வைக்கும்.
அதற்கு அரை மணி வேண்டும், சிலவேளை ஒரு மணி.
நீங்கள் கால் மணிக்கொரு மிடறு குடிக்கிறீர்கள்.

எனக்குள் மொழிபெயர்த்தேன்:
களவுபோன சாமானை
வீட்டுக்காரிக்குத் தெரியாமல் கொண்டுவந்து
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிற ஒருவன்.
இருபத்திரண்டு வருடத்தில்
அப்படி ஒரு எதிரியைக்
கூண்டில் கண்டதில்லை நான்.

சிங்களத்தில் கெல. ஒரு சொல், முடிந்தது.
எங்களுக்கு ஒன்று போதாது.
எச்சில், கோப்பையை உதட்டில் படாமல்
அண்ணாந்து குடிக்கச் சொன்ன வீட்டின் சொல்.
துப்பல், முகத்தில் விழுந்தால் வழக்காகும்.
உமிழ்நீர், பரீட்சைத் தாளில் மட்டும் ஊறும்.
இத்தனை நாளும் என் பல்லைக் காத்தது
இதில் எது என்று எப்படிப் பதிவது?

செவ்வாய்க்கிழமை மட்டக்குளிப் பெடியன் ஒருவன்,
ரொஷாந்தன்,
சாட்சிக் கூண்டில் வாய் திறந்தான்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டி
ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது,
ஸ்டிக்கரை உரிப்பதுபோல.
பதில் சொல்ல மறுக்கிறாரா என்றார் நீதவான்.
அதைத் தமிழாக்கினேன்.
திரும்பவும் அந்தச் சத்தம்.
அதற்கு எந்த மொழியிலும் சொல் இல்லை,
ஆனால் எனக்கு அது தெரியும்.
கேளாமலே சொன்னேன்:
அவருக்கு வாய் காய்ந்திருக்கிறது, ஐயா.
அந்தக் கோட்டில் நான் சொன்ன
என்னுடைய முதல் வசனம்.
புறோக்டர்மார் திரும்பிப் பார்த்தார்கள்.
யாரோ போத்தலை நீட்டினார்கள்.
குடித்தான். பிறகு கதைத்தான்.
பொய்யா மெய்யா, அது என் வேலையில்லை.

இப்போது ஃபிளாஸ்கில் பச்சைத் தண்ணீர்.
சீனியில்லாத சுவிங்கம் மெல்லச் சொல்லியிருக்கிறாள்,
கோட்டில் மெல்ல முடியாது.
கீழ்வரிசை முன்பற்கள் மட்டும் பழுதில்லையாம்.
நாக்கடி ஊற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பவை.

பின்னேரம் புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்
அச்சாறு வண்டி.
அம்பரெல்லா, வெரளு, மாங்காய்,
மேலே மிளகாய்த்தூள் ஈரமாய் மினுங்கியது.
வாங்கவில்லை, நின்று பார்த்தேன்.
நாக்கின் கீழே சுரீரென்று ஒரு கூச்சம்.

வந்தது.

எதிர்ச்சுவரில் மூன்று மொழி அறிவிப்பு.
தமிழில் மட்டும் ஒரு அரவு விழுந்து
எச்சில் துப்பதீர்.
வேறு நாளென்றால் எரிச்சல் வந்திருக்கும்.
பயப்படாதே என்றேன் பலகைக்கு.
ஒரு துளியும் தரமாட்டேன்.
வாயை மூடி
பல்லெல்லாம் நனைய வைத்துக்கொண்டு
நூற்று முப்பத்தெட்டில் ஏறினேன்.
கொண்டக்டர் எங்கே என்று கேட்டான்.
பதில் சொல்லாமல்
காசை மட்டும் நீட்டினேன்.