எஞ்சின் இல்லாத வாகனம்

நன்கொடைக் கணக்கேட்டில்
மொகேதியின் குதிரை ஒரு வாகனம்.
எஞ்சின் எண் கேட்ட கட்டத்தில்
நர்ஸ் மாலிநேயோ ஒரு கோடு போட்டிருந்தாள்.
ஓட்ஸும் லாடமும் எரிபொருளில் அடக்கம்.

லெசோத்தோவில், சாலை தீர்ந்துபோகும் இடத்திலிருந்து
செவ்வாய்தோறும் சளிக் குப்பிகள் இறங்கும்.
தங்கச் சுரங்கம் விட்டு வந்தவர்கள் இருமியது,
அவர்கள் மனைவிகள் இருமியது,
ஒன்றில் அடி மட்டும் நனைந்திருக்கும்:
குழந்தை.
செங்கு ஆறு குதிரையின் வயிற்றைத் தொட்டால்
குளிர்பெட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொள்வான்.
திரும்பும்போது எச்.ஐ.வி. மாத்திரைகள்,
சேணப்பை முழுக்கக் கிலுகிலுப்பை.

அன்று மின்னஞ்சல் வந்தது.
அதில் யாருக்கும் யார்மேலும் கோபமில்லை.
மறுபரிசீலனை முடியும்வரை
வாகனங்களை நிறுத்துக,
சாவிகளை ஒப்படைக்க.

மூன்று தடவை படிக்கச் சொன்னான்.
வெளியே போய்
கடிவாளத்தைக் கழற்றி வந்து
மேசைமேல் வைத்தான், குதிரையின் எச்சில் காயாமல்.
"சாவி."

அவள் சிரிக்கவில்லை. ரசீது எழுதினாள்.
முத்திரையில் இரண்டு கைகள்
குலுக்கியபடியே இருந்தன.

ஜன்னலோரம் பதினோரு குப்பிகள்.
வெயில் ஏழாவதுவரை வந்துவிட்டது.

கயிறு இருக்கிறதா என்றான்.
மருந்துப்பெட்டி கட்டி வந்த சணல் இருந்தது.
கீழே ஆய்வகம் திறந்திருக்குமா?
தெரியாது, என்றாள்,
குப்பிகளை ஒவ்வொன்றாய்ப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே.

போர்வையின் ஊக்கை இழுத்துக் குத்தினான்.
சணலை வாயில் வாங்கிக்கொண்ட குதிரைக்கு
இன்று செவ்வாய்
என்பது மட்டும் தெரியும்.