வலது காது

வெள்ளிக்கிழமைதோறும் புதிது வரும்.
ஒரு டிரம்மர் பெயரைப் பிடித்து
அவன் முன்பு வாசித்த குழுவுக்குப் போய்
அங்கே கோரஸ் பாடியவளின் தனி ஆல்பத்தில் இறங்கி
அதைத் தன் கார் ஷெட்டில் பதிவுசெய்தவன்
இப்போது வைத்திருக்கும் குழு வரை
நடந்தே போய்விடுவேன்,
சத்துவாச்சாரி மொட்டைமாடியில் உட்கார்ந்தபடி,
தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவது தெரியாமல்.

அப்படிக் கிடைத்தார்கள் இவர்கள்.
ஏதோ குளிர்தேசத்துச் சிற்றூர்.
அட்டையில், கொடியில் தொங்கும் மஞ்சள் ரெயின்கோட்.
பதினோரு பாட்டு, முப்பத்தொரு நிமிடம்.
அறுபத்திரண்டு தடவை கேட்கப்பட்டது என்று காட்டியது.
மறுவாரம் நூற்று நாற்பது.
கூடியதெல்லாம் நான்தான்.

"பவர் லூம் தெரியும், பவர் கட் தெரியும்,
அதென்னடி பவர் பாப்?" என்றாள் முபீனா.
மேல்விஷாரத்தில் கம்பெனி பஸ் ஏறுகிறவள்.
சன்னல் வேண்டும் அவளுக்கு,
அதனால் என் வலப்பக்கம்.
அவள் பேசினால் நான் முழு முகமும் திரும்ப வேண்டும்.
ஒன்றாம் வகுப்பில் சீழ் வைத்து
அந்தக் காது போனது.

எப்படிச் சொல்ல.
அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள்
சுருதி பிசகாமல் சரிவதுபோல் கிதார்.
நினைக்காத இடத்தில் கைதட்டல்.
அவள் போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்பதை
கல்யாணப் பத்திரிகை வைக்கிறவன் முகத்தோடு சொல்வது.
மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு
செருப்பை மாட்டிக் கிளம்பிவிடுவது.

"சொல்லாதே, குடு" என்றாள்.
என் மார்பில் வீணாய்த் தொங்கும் வலது இயர்போனை
அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

இங்கிலீஷ் எனக்குப் பாதிதான்.
ஆறாவது பாட்டு முழுக்க, கோடையே வா வா என்கிறார்கள்.
பாவம்,
மே மாதம் ஒருநாள் எங்கள் கோட்டைச் சுவரில்
முதுகு சாய்த்துப் பார்த்தால்
பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

சிப்காட்டில் எனக்கு ஜோடி சேர்க்கும் வேலை.
பெல்ட்டில் வருகிற ஷூவில் இடது, வலது,
தோலின் நிறம், தையல், குதிகால் உயரம்.
ஒத்துவந்தால் பெட்டி.
ஒத்துவராதது கூடையில் வாய்திறந்து கிடக்கும்.
சூப்பர்வைசர் சொல்வார்:
கண்ணை நம்பாதே, விரலால் தடவிப் பார்.

ஒன்றரை மாதம் போனது.
ஆற்காடு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில்,
கீழே மணலும் இரண்டு நாயும்,
தற்செயலாகத் திரும்பினேன்.
முபீனா கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.
ஆனால் தப்பான இடத்தில்.
அவன் மூச்சு வாங்கும்போது அவள் உதடு ஓடியது.
அவன் பாடும்போது மூடிக்கொண்டது.

"அங்கே வரியே இல்லையே?"
"இருக்கே."
"இல்லை."
தன் காதிலிருந்து பிடுங்கி
என் இடது காதில் செருகினாள்.

இன்னொரு கிதார்.
வேறு வழியில் வந்துகொண்டிருந்தது.
அதன்மேல் ஒரு பெண், தூக்கம் கலையாத குரலில்.
போய்விட்டாள் போய்விட்டாள் என்று
இத்தனை நாளும் அவன் கத்திய அவள்
வலது பக்கமாக உட்கார்ந்து
இங்கேதான் இருக்கிறேன் என்கிறாள்.
கைதட்டியதும் அவள்தான் போல,
என் பக்கம் எதிரொலிதான் விழுந்திருக்கிறது.

நூற்று நாற்பதில் ஒன்றைக்கூட
நான் முழுசாய்க் கேட்கவில்லை.
அதற்கு முன்னால் கேட்ட எத்தனையோ ஆல்பம்,
எத்தனை பேர் அந்தப் பக்கம் நின்று
பாடிக் களைத்தார்களோ.

பஸ் ராணிப்பேட்டை வளைவில் திரும்பியது.
டிபன் பாக்ஸ்கள் ஒருபக்கமாய்ச் சரிந்தன.
அன்று வெள்ளிக்கிழமை.
புதிதாக எதையும் தேடவில்லை.

இறங்கும்போது முபீனா
என் தோளைத் தட்டித் திருப்பிச் சொன்னாள்:
"சாயங்காலம் இடது எனக்கு.
பாவம், அந்தப் பொண்ணு சும்மா சும்மா
இருக்கேன் இருக்கேன்னு சொல்லிட்டே இருக்கா.
இவன் அப்படி
என்னதான் கேட்டான்?"