மூன்றே கால் பஸ்

கவராயத்தின் ஒரு காலை மன்னாரிலும்
மற்றதை முல்லைத்தீவிலும் ஊன்றி
பாதியைக் குறித்தேன்.
நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவள் நான்,
கை பிழைக்காது.
புள்ளி விழுந்தது வவுனிக்குளத்துத் தண்ணிக்குள்.

"நீந்தத் தெரியுமா?" என்றேன் போனில்.
"நான் பேசாலைக்காரன். உனக்குத்தான் தெரியாது"
என்றான் லம்பேட்.

ஆக, நிலத்தில் ஓர் ஊர் வேண்டும்.
சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னம் இருவரும் சேரவும்
ஞாயிறு இருட்ட முன்னம் பிரியவும்.

வவுனியா என்றான்.
அவனுக்கு நேர் பஸ், நித்திரை கொண்டே வரலாம்.
எனக்கு நெடுங்கேணி, புளியங்குளம்,
மடியில் வேறொருத்தியின் பிள்ளை,
காலடியில் யாரோ கட்டிய கோழி.
போனோம், ஒருமுறை.
லொட்ஜ்காரன் இரண்டு அடையாள அட்டையையும் வாங்கி
இரண்டு விலாசத்தையும் வாசித்து
பிறகு என் கழுத்தைப் பார்த்தான்.
பாங்கில் அடைவில் இருக்கு என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

கிளிநொச்சி என்றேன் நான்.
எனக்குப் பரந்தனில் ஒரு மாற்றம், அவ்வளவுதான்.
அவன் ஏறும் யாழ்ப்பாண பஸ்
பூநகரியில் அவனை இறக்கிவிட்டு
பாலத்துப் பக்கம் திரும்பிவிடும்.
உப்புக்காற்றில் நின்று
வருகிற எல்லாவற்றுக்கும் கை காட்ட வேண்டும்,
மண் ஏற்றும் டிப்பருக்கும்கூட.

அழகுக்காக ஊர் தேடுகிறவர்கள் இருக்கலாம்.
நாங்கள் தேடியது
ஞாயிற்றுக்கிழமைக் கடைசி பஸ்ஸை வைத்து.

மாங்குளம்.

எனக்கு ஒட்டுசுட்டான் தாண்டி ஒரே றோட்டு.
அவனுக்கு வெள்ளாங்குளம், துணுக்காய், மல்லாவி,
எலும்பு கழன்றாலும் ஒரே பஸ்.
பார்க்க ஒன்றும் இல்லை,
அதனால் பார்க்காமல் விட்ட கவலையும் இல்லை.
அங்கே இறங்குகிற முக்கால்வாசிப்பேரும்
வேறெங்கோ போகிறவர்கள்.
எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரயில் கடவைக்கு அங்கால்
ராசநாயகி அக்காவின் பின்னறை.
அவ கேட்டது ஒன்றுதான்:
"மோட்டர் காலமை ஆறுக்குத்தான் போடுவன்,
வாளி நிரப்பி வைப்பியளோ?"

பதினொரு மாதம். நாற்பத்தேழு சனி.
மழை, இரண்டு செத்தவீடு,
அவனுடைய தண்ணீர்ச் சபையின் குழாய் வெடிப்புகள்
கழித்தால் முப்பத்தொன்று.
அதில் ஒன்றைச் சனி என்று எண்ணுவதா தெரியவில்லை.
அன்று அவன் வரவில்லை, வேலை.
ஞாயிறு வெளிக்கிட்டான்.
பஸ் அச்சு முறிந்து நின்றது.
சந்தியில் அவன் வந்து இறங்க இரண்டு மணி.
கையெல்லாம் கிறீஸ்.
"குளத்துக் கட்டடியில, உன்ர புள்ளியிலதான் நிண்டது.
நீ வருவாய் எண்டு பார்த்தன்."

என் பஸ் மூன்றே காலுக்கு.
அறைக்குப் போய்த் திரும்ப இருபது நிமிடம்.
பிறகு கதவு, பூட்டு, செருப்பு.
கணக்கில் வரவில்லை.
தேத்தண்ணிக் கடையில் இருந்தோம்.
அவன் சவர்க்காரம் கேட்டு மூன்று தரம் கை கழுவினான்.
ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினான்,
கவராயம் இல்லாமலே சரிபாதி.
அறைத் திறப்பு என் உள்ளங்கையில்
வேர்த்துக் கிடந்தது.
அச்சு எப்படி முறிந்தது என்று
விபரமாகச் சொன்னான். விபரமாகக் கேட்டேன்.

போன கிழமை இடமாற்றப் படிவம் வந்தது.
விரும்பும் நிலையம், முன்னுரிமைப்படி மூன்று.
முதல் கோட்டில் எழுதிக் கொடுத்தேன்.
குலவீரசிங்கம் ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டு
"பிள்ளை, மாங்குளத்தில எங்களுக்குக் கந்தோரே இல்லையே" என்றார்.
"தெரியும்" என்றேன்.
"அவருக்கு?"
"அவருக்கும் இல்லை."

பேனையைத் திருப்பித் தந்தார்,
மற்ற இரண்டு கோட்டையும் நிரப்பச் சொல்லி.
வெள்ளிக்கிழமை. மணி நாலாகிறது.
பை மேசைக்குக் கீழே கட்டி இருக்கிறது.